சுலபமானதாக ஒரு பஸில்

பாலங்கள் கட்டும் இன்ஜினியர், பொம்மைக் கடையில் வெகு நேரமாகப் பஸில் பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இது பன்னிரண்டு துண்டு சார்" என்றாள் கடைப் பெண்.

"ஐயோ, தாங்காதும்மா. ஆரம்பத்துக்குச் சுலபமா குடுங்க."

"அப்போ இந்த ஆறு துண்டு?"

"இன்னும் குறைச்சு. தப்பாப் போனா முகம் வாடிடும்."

அவள் நான்கு துண்டுப் பூனையை எடுத்து வைத்தாள்.

"மூணு துண்டை நீங்களே வெச்சுட்டு, கடைசித் துண்டை மட்டும் கையில குடுங்க. முடிச்ச சந்தோஷம் வந்துட்டா அப்புறம் தானாப் பழகிடும்."

"பக்கத்துல ஆள் இருந்தா கூச்சமா இருக்கும்மா. யாருக்கும் தெரியாமத்தான் பழகணும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "குழந்தைக்கு என்ன வயசு சார்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பாவுக்கு ரெண்டரை. அவ நல்லாத்தான் அடுக்குறா. இது எனக்கும்மா. அவளோட யானை பஸில்ல நேத்து தும்பிக்கை இடத்துல வாலை வெச்சுட்டேன். இப்போ ஆட்டத்துக்கே சேர்த்துக்க மாட்டேங்கறா."

"திட்டினாளா?"

"திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. வாலை வெடுக்குன்னு பிடுங்கி, என் தலையைத் தடவி, 'அப்பா பாவம், நீ போய்த் தூங்கு'ன்னுட்டா!"