புகைச்சல் தீர்க்க வந்தவர்

"வீட்டுப் புகைச்சலுக்கு இன்னிக்கு ஒருத்தர் வருவார். மறைக்காம சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு மகன் வேலைக்குப் போனான்.

மாமியார் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். தெருக்கோடிவரை கேட்கும் மாமியார்-மருமகள் சண்டை ஓயாவிட்டால் தனிக்குடித்தனம் என்று போன வாரம்தான் மிரட்டியிருந்தான்.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. "புகைச்சல் எப்போலேர்ந்தும்மா?"

"மருமக வந்த நாள்லேர்ந்து!"

"ஈரம் இருக்கா?"

"துளிகூடக் கிடையாது!" மாமியார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

"அப்போ காத்துக்கு வழி விட்டிருக்க மாட்டீங்க. மூச்சு முட்டவெச்சா புகையத்தான் செய்யும். கண்ட குப்பையையும் போட்டுக் கிளறாதீங்க. பழைய சாம்பலை அப்பப்போ வெளியே கொட்டிடணும். இப்படியே விட்டா உயிருக்கே ஆபத்து."

கூடவே குடியிருந்தவர்போல் அல்லவா புட்டுப்புட்டு வைக்கிறார்! மாமியாருக்குச் சுருக்கென்றது. நேரே மருமகளிடம் போனாள்.

"உன்னை நான் மூச்சுவிட விடலை, கண்ணு. பழசையெல்லாம் இன்னியோட கொட்டிட்டேன்."

"நானும்தான் அத்தை, வாய்க்கு வாய் பேசிட்டேன்." இருவரும் கட்டிக்கொண்டு விசும்பினார்கள்.

கூடத்தில் நின்றவர் பையிலிருந்து நீளமான பிரஷ் ஒன்றை உருவினார்.

"அழுது முடிச்சதும் அந்த விறகு அடுப்பு எங்கேன்னு யாராவது காட்டுறீங்களா? புகைக்குழாயைச் சுத்தம் பண்ணணும்."