கோரைப்பல்லின் காலம்

புதுக்கடை பல் டாக்டர் அஜிதாவுக்கு, ஜெனிஷா வாயைத் திறந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இருபுறமும் கூரான கோரைப்பற்கள்.

ரத்தக்காட்டேரி படங்கள் ஓடிய காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இப்படிப் பல் ஒட்டிக்கொள்ள வந்தார்கள். இப்போது எடுத்துவிட வருகிறார்கள்.

“மோகம் தீந்தாச்சு, இல்லியா மக்களே?”

“ஆமா டாக்டர். இப்ப ஆரும் அந்தப் படம் பாக்கதில்ல.”

“அப்ப உனக்குப் பெரிய கிராக்கியா இருந்திருக்குமே?”

“எங்கூட செல்ஃபி எடுக்க கிளாஸ்ல அடிபிடியாக்கும்.”

அஜிதா கருவியால் பல்லை நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. ஒட்டிய தடமும் இல்லை.

“இத எங்க போய் வச்சே?”

“வச்சதில்ல டாக்டர், எனக்க சொந்தப் பல்லாக்கும். சின்னதிலேயே பேய்ப்பல்லுக்காரின்னு கூப்பிடுவாவ. இப்ப திரும்பவும் தொடங்கியாச்சு, முனைய ராவி மழுக்கி விட்டிருங்க. நடுவில அந்தப் படங்க ஓடினப்பத்தான் நான் வாயைப் பொத்தாம சிரிச்சேன்.”