கழுவாத கால்

“இந்த வருசம் எங்க அப்பா காலையும் கழுவுங்க சாமி.”

கேட்கவே கூடாதென்று அப்பா சவரியப்பன் சத்தியம் வாங்கியிருந்ததை ஜெசிந்தா கேட்டுவிட்டாள். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதுபோலப் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவும் பெரிய வியாழன் பூசைக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த உபதேசியார் சிரித்தார். “டிகிரி வாங்குனதும் பிள்ளைக்கு வாய் நீண்டுருச்சு. அப்போஸ்தலரா உட்கார்றது எப்பவும் மேலத்தெருதாம்மா.”

“வீட்டுலயே சோப்புப் போட்டுத் தேச்சு, பவுடர் பூசிட்டு வர்ற காலைத்தானே வருசா வருசம் கழுவுறீங்க? அவங்க செத்தா கல்லறைக் குழி வெட்டுற எங்க அப்பா காலு ஆகாதா?”

பங்குச் சாமியார் கையிலிருந்த செம்பையே பார்த்தார். “ஊரு ரெண்டாப் போயிடும்மா.”

“இப்ப மட்டும் ஒண்ணாவா இருக்கு?”

கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். பீடத்துக்கு மேலே சிலுவையைத் துணியால் மூடியிருந்தார்கள். துணி எட்டாமல் கால்விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அப்பாவின் விரல்களைப் போலவே புழுதி படிந்தவை. யாரும் அவற்றைக் கழுவிவிட்டு ஆணி அடிக்கவில்லை.

இன்னொரு நாற்காலியை இழுத்து வரிசையின் கடைசியில் போட்டாள். கல்லறைத் தோட்டத்துக் குழாயில் அப்பா காலைக் கழுவிவிடுவதற்குள் பிடித்துவிட வேண்டுமென்று, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.