வெள்ளைக் கோடு

சன்னல் வழியாக விழும் காலை வெயிலில் அக்கா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பத்து வருடமாகச் சிமெண்ட் கலக்கிற கை. தங்கைக்கு அழகுநிலையத்தில் வேலை கிடைக்க வேண்டுமானால், இன்று முதலாளியம்மா கண்முன்னே ஒருவருக்கு மெழுகு ஒட்டி முடி எடுக்கும் வேக்சிங் செய்து காட்ட வேண்டும். அதற்கு அவளுக்குக் கிடைத்தது இந்தக் கைதான். காய்ந்த தோலில் மெழுகை இழுத்தால் தோலும் சேர்ந்து உரியும் என்று ஒரு வாரமாகத் தினமும் இரவில் கிரீம் தடவ வைத்திருக்கிறாள். இப்போது தொட்டுப் பார்க்கிறாள், விரல் வழுக்குகிறது.

“காலையிலயும் தடவினியா?”

“இன்னொரு தடவை இருக்கட்டுமேன்னு…”

“போச்சு போ! இன்னைக்கு மட்டும் வேணாம்னு எத்தனை வாட்டி சொன்னேன்? பிசுபிசுன்னு இருந்தா மெழுகு பிடிக்காதுக்கா!”

அக்காவின் முகம் சுண்டிப்போகிறது. தங்கை வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுகிறாள், துண்டால் ஒற்றுகிறாள். கிரீமோடு ஒரு வாரத்துப் பாடும் போய்விட்டதோ என்று அக்கா கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தோல் இன்னும் காய்ந்திருக்கிறதா என்று தங்கை அதில் நகத்தால் மெதுவாகக் கீறுகிறாள். போன வாரம் சுண்ணாம்பு இழுத்தது போல எழும்பிய வெள்ளைக் கோடு இன்று எழும்பவில்லை.

“கிளம்புக்கா, நேரமாச்சு.”

அக்கா எழுந்திருக்கவில்லை. நம்பாமல், தன் நகத்தாலேயே இன்னொரு முறை கீறிப் பார்க்கிறாள்.