ஏரியின் நாற்காலி

அந்தக் குடியிருப்பில் தலைவர் கிடையாது, அதிகாரி கிடையாது. தண்ணீரை யாரும் விற்றுவிடக் கூடாதென்று சபையில் ஏரிக்கும் ஒரு நாற்காலி போட்டு, நீர்மட்டத்தை அளந்து ஏரிக்காகப் பேசும் ஒரு கருவியை அதில் வைத்திருந்தார்கள். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது. எல்லோரும் ஒத்துப்போகும்வரை யாரும் வீட்டுக்குப் போவதும் இல்லை.

காலையில் மரகதம் எழுந்து நின்று கேட்டாள். கணவர் தணிகாசலத்தின் டயாலிசிஸுக்கு ஒவ்வொரு முறையும் வீட்டுப் பங்குக்கு மேல் நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். நேற்றே செய்திருக்க வேண்டியது. இன்று அவர் முகம் வீங்கியிருந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"மறுக்கிறேன்," என்றது நாற்காலியில் இருந்த ஒலிபெருக்கி. "நீர்மட்டம் தாங்காது."

"என் பங்குல எடுத்துக்கக்கா. நான் குளிச்சு என்ன, கல்யாணத்துக்கா போறேன்?" என்றான் பக்கத்து வீட்டு எத்திராஜ். சிலர் சிரித்தார்கள்.

"பங்கைக் கைமாத்தினா நாளைக்கே அதுக்கு வெலை வந்துடும்பா. வேணாம்னு நாமதானே சொன்னோம்?" என்றாள் எதிர்வீட்டு குணசுந்தரி. அவன் உட்கார்ந்துவிட்டான்.

மதியம் ஆயிற்று. பசித்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கி ஏரியின் பக்கம் சேர்ந்தார்கள். கடைசியில் எத்திராஜும் இறக்கினான். மரகதத்தின் கை மட்டும் மேலே இருந்தது.

குணசுந்தரி அருகில் வந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள்.

"அவசரமில்லக்கா. இங்க யாரும் யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல. உனக்கா எப்பத் தோணுதோ, அப்ப எறக்கு."

வீட்டில் தணிகாசலம் தனியாகப் படுத்திருந்தார். அவரைப் போய்ப் பார்க்க வேண்டுமென்றாலும் அவள் கையை இறக்கித்தான் ஆக வேண்டும்.