எலும்பு குலுக்கும் குரல்

போன வருடம் ஜூன் கடைசி நாளில் கழுகு கால்பந்து அணியின் ஐந்து ஆட்டக்காரர்களுக்கு வேலை போனது. அவர்களுக்கே அன்று மாலைதான் சொன்னார்கள். அதற்குள் மற்ற அணிகள் ஆளெடுத்து முடித்துவிட்டன. கழுகு அணிக்குப் பல வருடம் கோல் காத்த பெகி, இப்போது உம்லாசி நிறுத்தத்தில் வாடகை வேன் கழுவுகிறான்.

இந்த வருடம், குளிர்காலம் தொடங்கும் ஜூனில், அந்தக் குரல் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வானொலியில் ‘யார் போவார்?’ என்றொரு நிகழ்ச்சி. அடுத்த பருவத்துக்கு எந்த அணி யாரைக் கழற்றிவிடும் என்று ஆளாளுக்குப் போன் போட்டு ஆரூடம் சொல்வார்கள். பாதி போதை, பாதி வயிற்றெரிச்சல். யாரும் பொருட்படுத்துவதில்லை.

இது வேறு மாதிரி. முதலில் கடகடவென்று ஏதோ குலுங்கும். குறி சொல்லும் சங்கோமா எலும்புகளைக் கையில் குலுக்கிப் பாயில் வீசுவாரே, அதே சத்தம். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பெயர். கழுகு அணிக்காரன் பெயர். அவ்வளவுதான், போன் வைக்கப்படும்.

முதல் வாரம் மண்ட்லாவின் பெயர் வந்தது. அவன் பயந்துபோய் அடுத்த பருவத்துக்கு வடக்கே ஒரு அணியில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அடுத்த வாரம் லுங்கா. அவன் சிரித்தான்.

“பேய்க்கு என் பாஸ் பிடிக்கல போல, அண்ணே. அதுக்கு முன்னாடி நம்ம கோச்சுக்கே பிடிக்காது.”

இடது பின்வரிசையில் ஆடும் குலெகானிக்குச் சிரிப்பு வரவில்லை. வயது முப்பத்துமூன்று. முழங்கால் காலையில் பேசும்.

கோச் மொலெஃபே உடை மாற்றும் அறையில் கத்தினார்.

“அந்தச் சூனியக்காரன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். கோல் கம்பத்துல கட்டிவெச்சு உங்களையெல்லாம் பந்தடிக்கச் சொல்றேன். குறி தப்பி அடிக்கிற லுங்கா மட்டும் வேண்டாம்.”

மொலெஃபேயை யாருக்கும் பிடிக்காது. முதலாளி ஷெஸியின் செல்லப்பிள்ளை, அவர் மேசைச் சாவிகூட இவரிடம்தான் என்று பேச்சு.

மூன்றாவது வெள்ளி. மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் குலெகானியின் மனைவி நொம்புசோ சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். பேட்டரி வானொலி கரகரத்தது. வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை.

கடகட.

“குலெகானி.”

நொம்புசோ கரண்டியோடு நின்றாள். அவன் வானொலியை அணைத்தான். அணைத்த பிறகும் அது காதுக்குள் குலுங்கியது.

“மார்கேட் டீம்காரங்க, வந்து சேர்றீங்களான்னு நாளைக்குக் காலையிலேயே பதில் சொல்லச் சொன்னாங்களே,” என்றாள்.

“பாதிச் சம்பளம். சின்ன டீம். இன்னிக்கு மத்தியானம்கூட ஷெஸி சொன்னார், அம்மா கல்லறை மேல சத்தியமா நீ எங்கயும் போகலன்னு.”

“குளிர்காலக் கோப்பை எப்ப முடியுது?”

“மாசக் கடைசியில.”

“அதுவரைக்கும் நீங்க ஓடணும்ல. வேலை போகுதுன்னு தெரிஞ்சா ஓடுவீங்களா?”

அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

“பேயோ பிசாசோ, அதுக்கு உங்களால என்ன லாபம்? ஷெஸிக்கு லாபம் இருக்கு. சாப்பிட்டுட்டுப் படுங்க. காலையில மார்கேட்டுக்குப் போன் பண்ணுங்க.”

போன் செய்தான். அந்தக் குரலை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே செய்தான். பத்து வருடம் ஆடிய அணியை விட்டு ஒரு பேய் துரத்துகிறதே என்று ஆத்திரம்.

நான்காவது வெள்ளி அந்தக் குரல் சொன்ன பெயர் மொலெஃபே.

மறுநாள் பயிற்சியில் லுங்கா குதித்தான். “பேய்க்கும் நியாயம் தெரியுதுண்ணே. இனி நான் அதோட கட்சி.” மொலெஃபே விசிலை ஊதி, அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கோப்பை கிடைத்தது. ஜூன் கடைசி நாள் மாலை, கழுத்தில் மாலையோடு ஷெஸி வந்து பெயர்களைப் படித்தார். மண்ட்லா. லுங்கா. குலெகானி. கோச் மொலெஃபே. ஒரு பெயர் கூடவில்லை, குறையவில்லை. வரிசைகூட மாறவில்லை.

அறை சில்லென்று ஆனது. லுங்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“சிரிச்சேனேண்ணே,” என்றான்.

குலெகானி சொல்லிக்கொண்டு போக மொலெஃபேயின் அறைக்குப் போனான். அவர் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மார்கேட்டா? கடல்காத்து முழங்காலுக்கு ஆகாது. துணி சுத்திக்க.”

“நீங்க எங்க போறீங்க கோச்?”

“இன்னும் ஒண்ணும் அமையல.”

“உங்க பேரும்தான் முன்னாடியே வந்துச்சே. தேடியிருக்கலாமே.”

“நான் வேலை தேடினா ஷெஸி காதுக்குப் போகாதா? இவன் பேயை நம்புற ஆளில்லையே, இவனுக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சதுன்னு தோண்ட மாட்டாரா? அப்புறம் மார்கேட்டுக்கும் ஒரு போன் போட்டு, உன் கால் போச்சுன்னு சொல்லியிருப்பார்.”

பேசிக்கொண்டே மேசை மேலிருந்த தகர டப்பாவை எடுத்தார். ஆட்ட நாளன்று யார் எங்கே ஆடுவது என்று காட்டப் பலகையில் வைக்கும் எண் போட்ட காய்கள் அதில்தான் இருக்கும். பெட்டிக்குள் போட்டார்.

கடகட.

குலெகானிக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் கேட்ட சத்தம். பயந்த காதுக்கு அது எலும்பாகக் கேட்டிருக்கிறது.

“கோச்...”

“கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது.”

வீட்டில் நொம்புசோ கேட்டாள்.

“அந்தச் சூனியக்காரன் யாருன்னு கடைசிவரை தெரியலையா?”

குலெகானி முழங்காலில் துணியைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

“கோச் மொலெஃபே.”