பாய்லர் தூசி

"அந்த வெள்ளைக் கயிறு என்னன்னு உங்ககிட்ட யாருமே சொல்லலீங்களாண்ணா?"

வக்கீல் வேல்விழி கேட்டதற்கு, எதிரே உட்கார்ந்திருந்த ரத்தினசாமி இல்லையென்று தலையாட்டினார்.

"பாய்லர் கயிறுன்னுதானுங்க சொல்லுவாங்க. அதுக்குக் கல்நாரு, ஆஸ்பெஸ்டாஸுன்னு ஒரு பேரு இருக்கறதே ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுது."

வேலம்பாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் பாய்லர் ஃபிட்டராக இருந்தவர் அவர். நீராவிக் குழாய்களில் கல்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றுவதும், இற்றுப்போனதைப் பிய்த்தெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதும்தான் வேலை.

"பிய்க்கறப்ப தூசி பறக்குமா?"

"பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாதுங்க அம்மிணி. மாவு மில்லுக்குள்ள நிக்கிற மாதிரிதான். மூஞ்சிக்குக் கட்ட ஏதாச்சும் குடுங்கன்னு கேட்டமுங்க. பனியன் வேஸ்ட்டுல ரெண்டு துண்டை எடுத்துக் குடுத்தாரு சூப்பர்வைசரு."

"எவ்வளவு காலம் அங்க இருந்தீங்க?"

"கண்ணாலமான வருசம் சேந்தனுங்க. போன தைக்குத்தான் நின்னேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

ரத்தினசாமி மேசை மேலிருந்த தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் குடித்தார்.

"நுரையீரலச் சுத்தி இருக்கற சவ்வுல கட்டியாமுங்க. கல்நாரு தூசிதான் காரணம்னு கோயமுத்தூரு டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு. ஆபரேசன் பண்ற கட்டமெல்லாம் தாண்டிப்போச்சு, ஊட்டுல வெச்சுப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டாருங்க."

"மூச்சு எப்படி இருக்கு?"

"படுக்கவே முடியறதில்லீங்க. செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டுத்தான் தூக்கம். ரெண்டு வாய்க்கு மேல சோறும் எறங்கறதில்லை."

வேல்விழிக்கு, முன்பு தான் வாதாடிய நல்லானின் ஞாபகம் வந்தது. சாயத்தொட்டியில் நின்று நின்று நுரையீரல் வெந்துபோனவர். அவர் தங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று அந்தப் பட்டறை மேனேஜர் கோர்ட்டில் சத்தியம் செய்தார். காண்ட்ராக்டில் கூலிக்குப் போனவருக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? கேஸ் தோற்றது. தீர்ப்பைக் கேட்க நல்லான் உயிரோடு இல்லை.

"நீங்க அங்க வேலை பார்த்ததுக்கு ஆதாரம் ஏதாவது இருக்காண்ணா?"

ரத்தினசாமி சட்டைப் பையிலிருந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்து வைத்தார். "பி.எஃப். புடிச்ச ரசீதெல்லாமும் இருக்குதுங்க. கூட வேலை பார்த்த டேனியலு சாட்சி சொல்ல வரேன்னிருக்கான்."

வேல்விழி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பெனி பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. சாகப்போகிற ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

"அண்ணா, சட்டத்துல இந்த நோயைப் பேர் சொல்லியே எழுதியிருக்கு. நோய் வந்தவங்க அங்க வேலை பார்த்த தொழிலாளின்னு நாம காட்டிட்டாப் போதும். அப்புறம் முதலாளி தப்பிக்க முடியாது."

ரத்தினசாமி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"அங்க வேலை பார்த்திருக்கோணும்னு கட்டாயமுங்களா?"

"ஆமாங்கண்ணா. அது இல்லாமத்தான் என்னோட பழைய கேஸ் ஒண்ணு தோத்துச்சு. உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம்."

அவர் அட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொள்வதைப் பார்த்தாள். கோர்ட் என்றாலே யாருக்கும் வருகிற பயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"பெருசா ஒண்ணும் கேக்கலீங்க அம்மிணி," என்றார் அவர் மெதுவாக. "மூச்சுக்கு ஒரு ஆக்சிஜன் மெசினு ஊட்டோட இருந்தா, இருக்கற நாளைக்குக் கொஞ்சம் படுத்துத் தூங்கலாமுங்க. வாடகைக்கு எடுத்ததைக் காசு கட்ட முடியாமத் திருப்பிக் குடுக்கற மாதிரி ஆயிப்போச்சு."

"அதுக்கு முதல்ல ஏற்பாடு பண்ணச் சொல்லி மனு போடறேன். டாக்டர் ரிப்போர்ட் எங்க?"

"கீழ டீக்கடை பெஞ்சுல ஊட்டுக்காரி உக்காந்திருக்குதுங்க. அது பையில இருக்குது."

"நான் போய் வாங்கிக்கறேன், நீங்க எழுந்திரிக்காதீங்க. இவ்வளவு நோவோட நீங்க மாடி ஏறி வந்திருக்கவே கூடாதுண்ணா. ஒரு போன் பண்ணியிருந்தா நானே உங்க ஊட்டுக்கு வந்திருப்பேன்."

ரத்தினசாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மிணி, படம் புடிச்சுப் பாத்துட்டு என்ற நெஞ்சு சுத்தமா இருக்குதுன்னுட்டாங்க. நோவெல்லாம் கீழ உக்காந்திருக்கறவளுக்குங்க. பட்டறை வாசலக்கூட மிதிச்சதில்லை, தெனமும் என்ற துணிய ஒதறித் தொவச்சுப் போட்டதுதானுங்க அவ செஞ்சது."